எடை தூக்க ஒரு வாத்தியார்

உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்ததுமே நீட்டப்படும் இரண்டாவது ரசீது தனிப் பயிற்சியாளருக்கானது. அது வீண் செலவா, தேவையா? வாஷியில் பல தமிழ்க் குடும்பங்கள் போட்டுப் பார்க்கும் கணக்கு இது.

வாஷியில் இரண்டு விதமானவர்கள் எடை தூக்குகிறார்கள். துர்பேயை ஒட்டியுள்ள ஏ.பி.எம்.சி. மொத்தச் சந்தையில் விடிவதற்கு முன்பே லாரிகள் வரிசை கட்டிவிடும். வெங்காய மூட்டைகளை முதுகில் ஏற்றி இறக்கும் மாத்தாடித் தொழிலாளிகளுக்கு அது பிழைப்பு. தூக்கினால்தான் கூலி. அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிட தூரத்தில், ரயில் நிலையத்துக்கு இந்தப் பக்கம், கண்ணாடிச் சுவர் வைத்த மாடி அறைகளில் வேறு சிலர் இரும்புத் தட்டுகளைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிக்கொண்டிருப்பார்கள். இவர்கள் தூக்குவதற்காகக் காசு கொடுப்பவர்கள்.

சந்தையில் புதிதாக வேலைக்கு வருகிறவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் மூட்டையை முதுகில் வாங்குவது எப்படி என்று பக்கத்தில் நிற்கும் மூத்த தொழிலாளியைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கூடத்தில் அப்படி அல்ல. சேர்க்கைப் பணத்தைக் கட்டி முடித்த கையோடு வரவேற்பு மேசையில் இருப்பவர் அடுத்த கேள்வியைக் கேட்பார்: 'சார், பி.டி. லேங்கே கியா?' பி.டி. என்றால் பர்சனல் டிரெயினிங். உங்களுக்கென்றே ஒரு பயிற்சியாளர். அதற்கான மாதக் கட்டணம் பெரும்பாலும் கூடத்தின் மாதக் கட்டணத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

இந்தக் கேள்விக்கு முன் தயங்கி நிற்பவர் எப்படிப்பட்டவர் என்று கற்பனை செய்வது கடினமல்ல. செம்பூரிலோ மாதுங்காவிலோ வளர்ந்தவர். கழிமுகத்தின் மேல் 1973-ல் பாலம் வந்தும் வாஷி வெகு தூரம் என்று எண்ணியிருந்தவர், 1992-ல் மான்குர்டைத் தாண்டி ரயில் வந்த பிறகு மனம் மாறி சிட்கோ வீடு ஒன்றை வாங்கியவர். இப்போது வயது 55. சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ இருக்கிறார்கள். வீட்டில் 78 வயது அம்மா. வீடு மூன்றாவது மாடியில். 70களிலும் 80களிலும் சிட்கோ கட்டிய பல கட்டடங்களைப் போல அதிலும் லிஃப்ட் கிடையாது. கடந்த ஒரு வருடமாக அம்மா கீழே இறங்குவதே கோவிலுக்கும் டாக்டரிடமும் போவதற்குத்தான். மகனுக்கே காய்கறிப் பையோடு இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. 'நடந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் எடையும் தூக்குங்கள்' என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டாக்டர் சொன்னதில் புதுமை இல்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்போடு, குறைந்தது இரண்டு நாளாவது எல்லா முக்கியத் தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. நடைப் பயிற்சி இந்தியாவின் நடுத்தர வர்க்கத்துக்குள் வந்துவிட்டது. வாஷியின் மினி ஸீஷோரில் காலையும் மாலையும் கூட்டத்துக்குக் குறைவில்லை. விட்டுப்போனது இரண்டாவது பாதி.

அது விட்டுப்போனதற்கு விலை உண்டு. முப்பது வயதைத் தாண்டினால் பத்து ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் என்ற கணக்கில் தசை கரைகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் இன்னும் கூடுகிறது. சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் பெரும் பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறையக் குறைய சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அவர்களுக்கு எடை தூக்குவது அழகுக்கான விஷயம் அல்ல, மருந்தின் ஒரு பகுதி.

வயதானவர்களுக்கோ இது இன்னும் அடிப்படையானது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா, கழிப்பறைக்குத் தனியாகப் போய் வர முடிகிறதா என்பதைத் தீர்மானிப்பது தொடைத் தசை. அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் மரியா ஃபியாடரோன் குழுவினர் 1990-ல் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியைக் கைவிட்டார்கள். அவர்களைத் தனியே விட்டுவிடவில்லை, ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஆள் இருந்தார் என்பதும் அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆக, எடை தூக்க வேண்டும் என்பதில் சண்டை இல்லை. தூக்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டுமா, அவருக்கு மாதா மாதம் சம்பளம் தர வேண்டுமா என்பதுதான் வழக்கு.

இந்த வழக்கில் சில சாட்சிகள் உண்டு. 2000-ல் அமெரிக்காவில் ஓரளவு பயிற்சி பெற்ற இளைஞர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டுக்கும் 12 வாரத்துக்கு ஒரே பயிற்சித் திட்டம். ஒரு குழுவுக்கு மட்டும் பக்கத்திலேயே பயிற்சியாளர். மறு குழு திட்டத்தை வாங்கிக்கொண்டு தானாகவே செய்தது. இரண்டு குழுவுக்கும் பலம் கூடியது. ஆனால் பயிற்சியாளர் இருந்த குழுவுக்குக் கூடுதலாகக் கூடியது. காரணம் மந்திரம் ஒன்றுமில்லை. மேற்பார்வையில் இருந்தவர்கள் வாரா வாரம் எடையை வேகமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் பழகிய எடையிலேயே தங்கிவிட்டார்கள்.

2008-ல் வந்த இன்னொரு ஆய்வு பெண்களைப் பற்றியது. 'உங்களுக்குச் சரி என்று படுகிற எடையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னார்கள். பயிற்சியாளரே இல்லாமல் பழகியவர்கள், தங்களால் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் சராசரியாக 42 சதவீதத்தையே எடுத்தார்கள். பயிற்சியாளரிடம் பழகியவர்கள் 51 சதவீதத்தை எடுத்தார்கள். பலம் கூட வேண்டுமானால் 60 சதவீதமாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தனியாக விட்டால் மனிதர்கள் எப்போதும் லேசானதையே எடுக்கிறார்கள். இளஞ்சிவப்பு நிற இரண்டு கிலோ டம்பெல்லை மாதக்கணக்கில் ஆட்டிவிட்டு 'ஒன்றும் பலனில்லை' என்று விட்டுவிடுபவர்களின் கதை இதுதான்.

பிரேசிலில் 2010-ல் செய்த ஆய்வு பையைத் தடவிப் பார்ப்பவர்களுக்கு உபயோகமானது. அங்கே ஒரு குழுவில் ஐந்து பேருக்கு ஒரு பயிற்சியாளர். இன்னொன்றில் இருபத்தைந்து பேருக்கு ஒருவர். 11 வாரத்தில் நெஞ்சுத் தசைக்கான 'பெஞ்ச் பிரஸ்' முதல் குழுவுக்குச் சுமார் 16 சதவீதமும் இரண்டாவது குழுவுக்குச் சுமார் 10 சதவீதமும் கூடியது. ஒரு ஆளுக்கு ஒரு பயிற்சியாளர் இருந்துதான் தீர வேண்டும் என்பதில்லை, ஐந்து பேருக்கு ஒருவர் இருந்தாலும் வேலை நடக்கும் என்பது இதன் பாடம். மாலை ஏழு மணிக்கு வாஷியின் எந்தக் கூடத்திலும் நுழைந்து பார்த்தால் இருபத்தைந்துக்கு ஒன்று என்ற கணக்கு எப்படி இருக்கும் என்று தெரியும்.

இதற்கு எதிர் சாட்சியும் உண்டு. இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி 2022-ல் ஒரு மதிப்பீடு வந்தது. மேற்பார்வையால் பலத்தில் கிடைக்கும் அனுகூலம் உண்மைதான், ஆனால் சிறியது என்றது அது. உடம்பின் கொழுப்பும் தசையும் எவ்வளவு மாறுகின்றன என்று பார்த்தால் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். பயிற்சியாளரை வைத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் தொப்பை போய்விடும் என்று வரவேற்பு மேசையில் சொல்லப்படுவதற்கு இதில் ஆதாரம் எதுவுமில்லை. தொப்பை சாப்பாட்டு மேசையில் முடிவாகிற விஷயம்.

இந்தச் சாட்சிகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். பயிற்சியாளர் தருவது இரண்டு பொருள்: ஒன்று கல்வி, மற்றது காவல். எப்படிக் குந்தி எழுவது, தரையில் கிடக்கும் எடையை முதுகு வளையாமல் எப்படித் தூக்குவது, எப்போது எடையைக் கூட்டுவது என்பது கல்வி. 'வந்தீர்களா, செய்தீர்களா' என்று கேட்பது காவல். கல்வி ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் தங்கும். காவல் பணம் கட்டுகிற வரைதான்.

கல்வி எந்தக் கட்டத்தில் அதிகம் தேவை என்பதற்கும் உடம்பே பதில் சொல்கிறது. எடை தூக்க ஆரம்பித்த முதல் சில வாரங்களில் பலம் கூடுவது தசை பெருத்ததால் அல்ல. இருக்கிற தசையைச் சரியாக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன, அதனால்தான். சைக்கிள் பழகுவது மாதிரி. இந்தக் காலத்தில் கோணலாகப் பழகினால் கோணலே நிலைத்துவிடும். ஆகவே பணத்தைச் செலவு செய்வதென்றால் ஆரம்பத்தில் செய்ய வேண்டும். ஒரு வருடம் தானாகத் தவறாகச் செய்து தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்ட பிறகு அல்ல.

இப்போது கணக்கு. கட்டணம் கூடத்துக்குக் கூடம், ஆளுக்கு ஆள் மாறும். பேச்சுக்கு மாதம் 12 வகுப்பு, ரூ.8,000 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வகுப்புக்கு ஏறக்குறைய ரூ.667. ஒரு வருடத்துக்கு ரூ.96,000. பெரும்பாலான குடும்பங்களில் இந்தத் தொகையைக் கேட்டதுமே பேச்சு முடிந்துவிடும். ஆனால் மூன்று மாதத்துக்கு மட்டும் என்றால் ரூ.24,000-க்கு 36 வகுப்புகள். நான்கைந்து அடிப்படைப் பயிற்சிகளைத் தேர்ந்த கையோடு கற்றுக்கொள்ள இது தாராளம். அதன் பிறகு மாதம் ஒரு முறை வந்து பார்த்துத் திருத்தச் சொல்லலாம். ஒரே கட்டடத்தில் இருக்கும் நான்கு பேர் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொண்டால், பிரேசில் ஆய்வு சொல்கிற கணக்குக்குள்ளேயே, ஆளுக்கு மாதம் ரூ.2,000-ல் முடியும். சிலர் சொல்வார்கள், இதே பணத்துக்கு வருடக் கணக்கில் கூடத்துக்கே கட்டிவிடலாமே என்று. கட்டிவிட்டு இரண்டாவது மாதமே போகாமல் நிற்பவர்களால்தான் பல கூடங்களின் வரவு செலவு நேராகிறது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

வரியில் ஒரு நிவாரணம் வந்திருக்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ரசீதில் அது குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டச் சொல்லும் தள்ளுபடிகளில் எச்சரிக்கையும் வேண்டும். 1932-ல் பம்பாயில் தொடங்கி நாடெங்கும் கிளை பரப்பிய தல்வல்கர்ஸ் நிறுவனம் பங்குச் சந்தை வரை போனது. 2019-ல் கடன் நெருக்கடியில் சிக்கியது. அடுத்த வருடமே கொரோனா. மகாராஷ்டிரத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட கூடங்கள் அக்டோபர் 25, தசராவன்றுதான் திறந்தன. கூடத்துக்கு முன்பணமாகப் போகும் பணம், உறுப்பினர் கூடத்துக்குக் கொடுக்கும் கடன் என்பதை அந்த இரண்டு வருடங்களும் கற்றுக்கொடுத்தன.

பயிற்சியாளரின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. பல கூடங்களில் அவருக்கு நிரந்தரச் சம்பளம் குறைவு. தனிப் பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பங்கு கூடத்துக்குப் போக, மீதிதான் அவருடைய உண்மையான வருமானம். மாதம் இத்தனை பேரைப் பிடிக்க வேண்டும் என்று இலக்கும் இருக்கும். எனவே தனிப் பயிற்சி எடுக்காதவர் தப்பும் தவறுமாகத் தூக்கும்போது கண்டும் காணாமல் இருக்கத் தோன்றுவது இயல்பு. எடுத்தவர் என்றைக்கும் தன்னை நம்பியே இருக்க வேண்டும் என்று தோன்றுவதும் இயல்பு. இதில் தனி மனிதனின் குற்றத்தைவிடச் சம்பள ஏற்பாட்டின் குற்றம் அதிகம். ஆனால் பணம் கொடுக்கிறவர் அதைத் தெரிந்துகொண்டே கொடுக்க வேண்டும்.

யாரிடம் கொடுப்பது என்பது அடுத்த சிக்கல். டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பது போல உடற்பயிற்சியாளருக்குச் சட்டப்படி கட்டாயப் பதிவு இந்தியாவில் இல்லை. அமெரிக்க அமைப்புகளான ஏ.சி.எஸ்.எம்., ஏ.சி.இ. போன்றவற்றின் சான்றிதழ் உண்டு. இந்தியாவில் அரசின் திறன் வளர்ப்புத் திட்டத்தின் கீழ் வரும் சான்றிதழும், தனியார் பயிற்சிக் கழகங்களின் சான்றிதழும் உண்டு. சான்றிதழ் இருப்பது நல்லது. ஆனால் புஜம் பெருத்திருப்பது சான்றிதழ் ஆகாது. தன் உடம்பை வளர்த்துக்கொண்டவருக்கு 55 வயது சர்க்கரை நோயாளியின் உடம்பு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

நல்லவரை முதல் அரை மணியிலேயே அடையாளம் காணலாம். எடையைத் தொடும் முன் அவர் கேள்வி கேட்பார்: ரத்த அழுத்தம் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், நெஞ்சு வலி வந்ததுண்டா, முட்டியில் முதுகில் பழைய அடி உண்டா? தேவைப்பட்டால் டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொல்வார். இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்றால் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கிறதா என்று கேட்பார். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார். தேதி, பயிற்சி, எடை, எத்தனை முறை என்று அதில் ஏறும். அந்த நோட்டு இல்லாத பயிற்சியாளர், கணக்குப் புத்தகம் இல்லாத மளிகைக் கடைக்காரர் மாதிரி. உறுப்பினர் குந்தி எழும்போது அவர் கண் முட்டியிலும் முதுகிலும் இருக்கும், கைப்பேசியில் இருக்காது. ஒருவருக்கு மயக்கம் வந்து விழுந்தால் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி தெரியுமா என்று கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்.

இந்தக் கடைசிக் கேள்வி அநாவசியமல்ல. கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபரில் காலை உடற்பயிற்சிக்குப் பிறகு நெஞ்சு வலி வந்து 46 வயதில் இறந்தார். நகைச்சுவை நடிகர் ராஜு ஸ்ரீவாஸ்தவா 2022 ஆகஸ்டில் டெல்லி கூடமொன்றில் டிரெட்மில்லில் சரிந்து, அடுத்த மாதம் உயிரிழந்தார். இதைக் கேட்டுப் பயிற்சியையே விட்டவர்கள் உண்டு. பாடம் அதுவல்ல. ஏற்கனவே உள்ளே இருக்கும் இதய நோய் கூடத்தில் வெளிப்படலாம். முன்கூட்டியே பரிசோதிப்பதும், விழுந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவர் பக்கத்தில் இருப்பதும்தான் பாடம்.

கெட்டவரின் அடையாளமும் சுலபம். முதல் நாளே எழுந்திருக்க முடியாத அளவுக்கு வாட்டுவார். பழக்கமில்லாத உடம்பை ஒரேயடியாக முறுக்கினால் தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிற அபாயம் உண்டு. தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது 'நல்ல பயிற்சி'க்கு அடையாளம் அல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதற்கு அடையாளம். அவர் இரண்டாவது வாரம் புரோட்டின் பவுடர் டப்பாவை நீட்டுவார். நாள் ஒன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பரிந்துரை. 70 கிலோ ஆளுக்கு 58 கிராம். எடை தூக்குபவருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். பருப்பு, தயிர், சுண்டல், முட்டை, மீன் என்று சாப்பிட்டே இதை எட்டலாம். பவுடரைத் தவிர்க்கும்படி கவுன்சிலின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ள சர்க்கரை நோயாளிக்கு டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டுவது ஆபத்து. ஊசியைப் பற்றிப் பேச்செடுப்பவரிடம் பேசவே தேவையில்லை, எழுந்து வந்துவிடலாம். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும்.

பக்கத்தில் ஆளே இல்லாமல் கற்றுக்கொள்ள முடியாதா? முடியும் என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே பழைய சாட்சி உண்டு. கோலார் பகுதியில் 1897-ல் பிறந்த கே.வி. ஐயர் பெங்களூரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தி, 30களிலேயே தபால் வழியாக உடற்பயிற்சிப் பாடம் அனுப்பியவர். தண்டாலையும் பஸ்கியையும் சூரிய நமஸ்காரத்தையும் மேல்நாட்டு எடைப் பயிற்சியோடு சேர்த்தவர். இன்று தபால்காரருக்குப் பதில் கைப்பேசி வந்துவிட்டது. கொரோனா ஊரடங்கில் கூடங்கள் மூடிக்கிடந்தபோது பயிற்சியாளர்கள் பலர் கைப்பேசி வழியாகவே பாடம் நடத்தினார்கள். தான் குந்தி எழுவதைப் பக்கவாட்டில் படம் பிடித்துப் பார்ப்பவருக்குப் பாதி வாத்தியார் கையிலேயே இருக்கிறார். இளமையும் ஆரோக்கியமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இது போதும். எடையைக் கூட்டுவதை மட்டும் அவர்கள் நோட்டில் எழுதி, விடாமல் செய்ய வேண்டும்.

வீட்டுக்குள் எழும் ஆட்சேபமும் பதில் சொல்லத் தக்கது. 'மூணு மாடி ஏறி இறங்கறோமே, அது போதாதா?' மாடி ஏறுவது நல்லதுதான். ஆனால் படிகளின் உயரம் கூடுவதில்லை. முதல் மாதம் கடினமாக இருந்தது மூன்றாவது மாதம் பழகிவிடும். பழகிய வேலைக்குத் தசை வளராது. வாரா வாரம் கொஞ்சம் கூட்டுவதில்தான் எடைப் பயிற்சியின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

அப்படியானால் யாருக்குப் பயிற்சியாளர் வேண்டும்? முதன்முதலாக எடையைத் தொடுகிற, நாற்பதைத் தாண்டியவருக்கு வேண்டும், மூன்று மாதத்துக்கு. கூடத்துக்குள் நுழையவே கூசி, ஓட்டப் பெல்ட்டோடு நின்றுவிடும் பெண்களுக்கு வேண்டும். எடை தூக்கினால் ஆண் மாதிரி ஆகிவிடுவோம் என்ற பயம் தேவையில்லாதது. அந்த அளவுக்குத் தசை போட பெண்களின் உடம்பு அவ்வளவு சுலபத்தில் இடம் கொடுப்பதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பைக் காப்பதில் எடைப் பயிற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு வருடமாகச் செய்தும் ஒரே எடையில் நிற்பவருக்குச் சில வாரங்களுக்கு வேண்டும்.

78 வயது அம்மாவின் கதை வேறு. வயதானவர்களைப் பொறுத்தவரை மேற்பார்வையில் செய்யும் பயிற்சி தனியே செய்வதைவிட பலத்துக்கும் நிலை தடுமாறாமல் இருப்பதற்கும் நல்ல பலன் தருகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மூன்று மாதக் கணக்கு அங்கே செல்லாது. அவருக்குத் தேவை புஜம் காட்டும் இளைஞன் அல்ல, வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட். ஆரம்பப் பாடம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதுதான். முதலில் கையை ஊன்றி, பிறகு ஊன்றாமல், பிறகு இரண்டு கையிலும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு. குடும்பத்தில் தனிப் பயிற்சிக்கு ஒரு தொகைதான் உண்டு என்றால், அதை மகனைவிட அம்மாவுக்குச் செலவிடுவதில் நியாயம் அதிகம். மகன் மூன்று மாதத்தில் தானாகச் செய்யக் கற்றுக்கொள்வார். அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்னால் ரூ.96,000 பெரிய தொகையாகத் தெரியாது.

வாஷியின் பழைய சிட்கோ கட்டடங்கள் சில இடிக்கப்பட்டு, லிஃப்ட் வைத்த கோபுரங்களாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. மற்றவற்றில் காத்திருப்பவர்களுக்கு லிஃப்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை மூன்று மாடியையும் ஏற்றிவிட வேண்டியது தொடைதான்.

வரவேற்பு மேசையின் கேள்விக்கு, ஆகவே, ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'மூன்று மாதத்தில் நானே செய்யும்படி கற்றுக்கொடுப்பீர்களா?' என்று திருப்பிக் கேட்கலாம். சிலம்ப வாத்தியாரோ அகாடாவின் வஸ்தாத்தோ, மாணவன் தனியாகக் களத்தில் இறங்கும் நாளுக்காகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்தபடி சரி என்கிறவரிடம் பணத்தைக் கட்டலாம். 'அது எப்படி சார், வருடக் கணக்கில் ஆகும்' என்று இழுப்பவரிடம் பணம் மிச்சம்.